கந்தம்மாளுக்கு ஒரு கூப்பிடு பெயர்

"அட்டெண்டன்ஸ்ல பேர் கூப்பிட்டா உங்க பொண்ணு திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதுங்க," என்றார் நதியா மிஸ். "மூணு வாரமா ஆப்சென்ட்னே போட்டுட்டு வந்திருக்கேன். தினமும் முன்னால வந்து நின்னு என் சேலையைப் பிடிச்சு இழுக்கிற புள்ளைதான் அதுன்னு நேத்துத்தாங்க தெரிஞ்சுது."

எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் நின்ற ரோகிணிக்குக் காது மடல் சூடாகியது. கொடைக்கானல் குளிரில் அவள் உடம்பில் அப்போது சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டில் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று மிஸ் கேட்டார். பாப்பா என்றுதான், என்றாள் ரோகிணி. வகுப்பில் ஏற்கெனவே பதினோரு பாப்பாக்கள் இருக்கிறார்கள், பாப்பா என்றால் பாதி வகுப்பு எழுந்து நிற்கிறது என்றார் மிஸ். ஒன்று, வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்க வேண்டும். இல்லையென்றால் சின்னதாக ஒரு கூப்பிடு பெயர் சொல்ல வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் சொன்னால் சட்டையில் குத்துகிற பேட்ஜில் அதையே எழுதிவிடலாம்.

"கந்தம்மாள்னே எழுதினாலும் எனக்கு ஒண்ணும் இல்லைங்க." அதைச் சொல்லும்போது மிஸ்ஸின் உதட்டோரம் ஓர் அசைவு ஓடி மறைந்தது. மிகச் சின்ன அசைவு.

ரோகிணி அந்த அசைவைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு பேத்துப்பாறை பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு அது அவளுக்குள் பெருத்துக்கொண்டே வந்தது. ஊரில் இறங்கியபோது, அதை அப்படியே மூட்டையாகக் கட்டி மாமியார் தலையில் கொண்டுபோய்ப் போட வேண்டும் போல் இருந்தது.

ஏனென்றால் கந்தம்மாள் என்பது மாமியாரின் பெயர்.

பிள்ளை வயிற்றில் இருந்தபோதே ரோகிணி ஒரு பெயர் தேர்ந்து வைத்திருந்தாள். ஆதிரை. பாலசமுத்திரத்தில் தாய்வீட்டில் இருந்த மூன்று மாதமும் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தாள். கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிரசவம் சிசேரியன் ஆனது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது பிள்ளைக்குப் பெயர் வைத்து, பாரத்தில் எழுதி, கணவன் முருகானந்தம் கையெழுத்தும் போட்டு முடித்திருந்தான். அம்மா அந்தப் பெயர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டது என்றான். ஒற்றைக் காலில் நின்றவர், பெயரைப் பிள்ளையின் காதில் சொல்லும் வேலையைத் தன் மகள் தேவசேனாவிடம் விட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் பிடிக்காதது ஒரு துக்கம். அதை வாயால் சொல்லவே முடியாதது இன்னொரு துக்கம். மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அந்த மலையில் எழுதி ஒட்டாத சட்டம் அது. தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் பிள்ளையின் பெயரைக் கேட்டபோது, "கார்டுல இருக்குங்க" என்று நீட்டினாள். காய்ச்சலுக்குப் போன இடத்தில் கார்டு இல்லாமல், உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். டாக்டர் அவளுக்குப் பேச்சு வராது என்று நினைத்து, மற்ற கேள்விகளையெல்லாம் கையை ஆட்டிக் கேட்டார்.

மூன்றரை வருஷமாகத் தன் பிள்ளையைத் தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பெயராகவே வைத்துக்கொண்ட ஒரு பொம்பிளையோடு ஒரே அடுப்படியில் புழங்க வேண்டியிருக்கிறது என்று ரோகிணி நினைப்பாள். நினைத்துவிட்டு, சோற்றை வடிப்பாள். அவளுடைய கோபம் எல்லாமே அப்படித்தான், கஞ்சித் தண்ணியோடு சேர்ந்து வடிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பெயர் தேடல் ஆரம்பமானது.

முருகானந்தம் நல்லவன். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் பூண்டுக் காட்டைப் பார்த்து எழுந்து போய்விடுகிற அளவுக்கு நல்லவன். பெயரைச் சுருக்கி 'கந்து' என்று வைக்கலாமா என்று கேட்டான். ரோகிணி அவனைப் பார்த்தாள். அவன் உடனே, "நதியான்னு வெப்பமா?" என்றான்.

மிஸ்ஸின் பெயர் நதியா என்று அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

"மிஸ் பேரு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாட்ஸ்ஆப் குழுவில் பார்த்தேன் என்றான். அந்தக் குழுவில் அவன் எப்போது சேர்ந்தான் என்று கேட்டாள். மருந்தடிக்கிற சோலி கெடக்கு என்று எழுந்து போனான்.

மறுநாள் காலையில் அவனாகவே பிள்ளையை 'ராணி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். ராணி என்பது, காட்டிலிருந்து ரோட்டுக்குப் பூண்டு மூட்டை சுமக்கிற அவர்களுடைய மட்டக்குதிரையின் பெயர். குதிரை பெயரையா பிள்ளைக்கு வைப்பது என்று ரோகிணி கேட்டதற்கு, அது எவ்வளவு தங்கமான குதிரை என்று அவன் மனசார வருத்தப்பட்டான். "ராணி, பால் குடிக்க வா" என்று அவன் கூப்பிட்டபோது குதிரை வந்து அடுப்படி ஜன்னலுக்குள் தலையை நீட்டியது. "ராணி, மேட்டுக்கு ஏறு" என்று அவன் விரட்டியபோது பிள்ளை ஓடி வந்து குதிரையின் காலுக்கடியில் நின்றது. மத்தியானத்துக்குள் அந்தப் பெயர் குதிரைக்கே திரும்பிவிட்டது.

விஷயம் பெரும்பாறைக்குப் போனது. அங்கே காப்பித் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்த தேவசேனா, பெயர் வைக்கிற உரிமை அத்தைக்காரிக்குத்தான், கூப்பிடு பெயராக இருந்தாலும் அப்படித்தான் என்று போனில் சொல்லி, வைத்தும் விட்டாள். லட்டு.

பிள்ளைக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போனது. "லட்டு" என்றால் எங்கிருந்தாலும் ஓடி வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாயில் ஒன்றும் விழாதபோது தரையில் விழுந்து அழுதது. ஒரே நாளில் ஒன்பது தடவை அழுதது. பொறுக்க முடியாமல் முருகானந்தம் கொடைக்கானல் போய் ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்தான். அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் பலித்தது. வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைக்கு வயிற்றால் போனது. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதும்போது, பெயர் எழுத வேண்டிய இடத்தில் ரோகிணியின் பேனா நின்றது. இனி சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஆதிரைன்னு கூப்பிடலாமே," என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

பின்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியாரின் குரல் உடனே வந்தது. "கூப்பிடு பேரெல்லாம் எதுக்குத்தா? ஆசையா வெச்ச பேரு ஒண்ணு இருக்குல்ல. அதச் சொல்லிக் கூப்பிட ஒனக்கு வாய் வலிக்குதா?"

ரோகிணி கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். சொல்லக் கூடாது என்பதும் இவர்கள் சட்டம். ஏன் சொல்லவில்லை என்று குத்துவதும் இவர்கள் வாய். இவள் நிற்கும்போதே மாமியார் உள்ளே வந்து, கொதிக்கிற குழம்பைக் கையில் விட்டுக்கூடப் பார்க்காமல், ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார். ஐந்து வருஷமாகத் தினமும் நடப்பதுதான். ரோகிணி முதலிலேயே பாதி உப்புத்தான் போடுவாள். அதுவும் ஐந்து வருஷப் பழக்கம்.

சனிக்கிழமை அது நடந்தது.

வெள்ளனே எழுந்து ரோகிணியும் இருளாயியும் முற்றத்தில் விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருளாயி, மாமியார் வயசுக்காரி. அந்த வீட்டுப் பூண்டுச் சோலிக்கு இளவயசிலிருந்து வருகிறவள். பெரிய பல் ஒரு கூடை, நடுத்தரம் ஒரு கூடை, சொத்தை ஒரு கூடை என்று நாலு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் பிரித்தார்கள். ரோகிணி தண்ணீர் குடிக்க உள்ளே போய் வருவதற்குள், பிள்ளை மூன்று கூடையையும் ஒன்றாகக் கவிழ்த்து, நடுவில் உட்கார்ந்து, காலால் அளைந்துகொண்டிருந்தது.

படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கொழந்தைதான, அதுக்கு என்ன தெரியும்?" என்றார். "பெத்தவளுக்குல்ல கவனம் வேணும்."

ரோகிணிக்கு இடுப்பிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மேலே வந்தது. அதை அவள் தடுத்திருக்கலாம். ஐந்து வருஷமாகத் தடுத்தவள்தான். அன்றைக்கு அது வழியில் எங்கும் நிற்காமல் நேராக வாய்க்கு வந்தது.

"ஏண்டி கந்தம்மா!"

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. இருளாயியின் கை பூண்டுக் குவியலில் அப்படியே நின்றது.

"ஒனக்கு அறிவிருக்காடி கந்தம்மா? அடுத்தவ முதுகொடியச் செஞ்சு வெச்சதக் கெடுக்குறதுதான் ஒனக்குச் சோலியா? கெடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி ஒக்காந்துக்கிறது. ஒன்னயெல்லாம் என்னன்னு பெத்தாங்க?"

சொல்லி முடித்துவிட்டு வானம் இடிந்து விழுவதற்காகக் காத்திருந்தாள். விழவில்லை. மேற்கே மலையில் மேகம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமியார் டம்ளரை மடியில் வைத்தபடி அவளையே பார்த்தார். அவர் கண்களில் தண்ணீர் நிறைந்து நின்றது. பிறகு மெதுவாக எழுந்து உள்ளே போனார்.

தைத்துவிட்டது என்று ரோகிணிக்குப் புரிந்தது. நன்றாக, ஆழமாகத் தைத்திருக்கிறது. இதற்கு வெட்கப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். வெட்கம் வரவில்லை, பசிதான் வந்தது. அன்று மத்தியானம் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் முருகானந்தம், யாரோ இறந்துபோன வீட்டில் பேசுகிற குரலில், அம்மா பேரை அப்படிச் சொல்லலாமா என்று கேட்டான்.

"மிஸ் சொல்லியிருக்காங்க," என்றாள் ரோகிணி. "வீட்டுல பேர் சொல்லிப் பழக்கணுமாம். இல்லன்னா வருசம் முழுக்க ஆப்சென்ட்தானாம்."

படிப்பு விஷயம் என்று வந்தபின் அவனால் என்ன சொல்ல முடியும்? எழுந்து காட்டைப் பார்க்கப் போனான். திங்கட்கிழமை பேட்ஜில் 'கந்தம்மாள்' என்றே எழுதச் சொல்லிவிட்டு வந்தாள் ரோகிணி. மிஸ்ஸின் உதடு அசைந்ததா என்று கவனிக்கக்கூட மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில், பிள்ளைக்குத் தலை சீவும் நேரத்தில், திட்டு நடந்தது.

முதல் சில நாள் பிள்ளை செய்த தப்புக்கே திட்டினாள். மூன்று வயசுப் பிள்ளை எத்தனை தப்புச் செய்துவிடும்? அந்த வாரத்திலேயே சரக்குத் தீர்ந்துபோனது. அதன்பின் ரோகிணி தன் சொந்தக் கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அங்கே பஞ்சமே இல்லை.

"ஏண்டி கந்தம்மா, வாயில வெச்சுப் பாக்காம எதுக்குடி குழம்புல உப்ப அள்ளிக் கொட்டுற?"

"நா கொட்டலம்மா," என்றது பிள்ளை.

"அடுத்தவ பொட்டியத் தொறந்து சேலையெல்லாம் கலைச்சுப் பாக்குறியே, அதுல ஒனக்கு என்னடி கெடைக்குது கந்தம்மா?"

"நா பாக்கலம்மா."

"எம் புருசன்ட்ட நான் ஒண்ணு கேட்டா, முந்திக்கிட்டு நீ ஏண்டி பதில் சொல்ற?"

இதைப் பிள்ளை சீப்புக்குத் தலையைக் கொடுத்தபடி யோசித்தது.

குழாயடிக்கு வருகிற பெண்கள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆறரைக்கு வருகிறவர்கள் ஏழரைக்கு வந்தார்கள். நிரம்பிய குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பிடித்தார்கள். முருகானந்தம் தினம் ஒரு கூப்பிடு பெயரோடு வந்து நின்றான். பூண்டு வாங்குகிற கடைக்கார இப்ராம்சா பாய் வீட்டில்கூட உம்மு ஹபீபா என்கிற முழுப் பெயரை ஹபி என்றுதான் சுருக்கிக் கூப்பிடுகிறார்களாம் என்று கெஞ்சினான். ரோகிணி எதற்கும் மசியவில்லை. அவளுக்கு இப்போது முழுப் பெயர்தான் வேண்டும். ஓர் எழுத்துக் குறையக் கூடாது.

மாமியார்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. தினமும் காலையில் காப்பி டம்ளரோடு முதல் ஆளாகப் படிக்கு வந்துவிடுவார். முதுகை நிமிர்த்தி, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பார். ஒருநாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. ஒருநாள்கூட எழுந்து போகவில்லை. திட்டு முடிந்தபின் காப்பியின் கடைசி வாயைக் குடித்துவிட்டு எழுவார். திட்டிப் பார், என்னை என்ன செய்ய முடியும் என்கிற திமிர் அது என்று ரோகிணி முடிவு செய்தாள். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நாலு வார்த்தையில் நிறுத்திவிட்டு ஓடியபோது, பின்னாலிருந்து மாமியார் சொன்னார்:

"இன்னிக்கு வெரசா முடிச்சுட்ட போலயே."

இந்தக் குத்தலை ரோகிணி கொடைக்கானல் வரை மென்றுகொண்டே போனாள். மறுநாள் இருபது நிமிஷம் திட்டினாள்.

இரவல் குரலில் யாரோ தனக்குள் இருந்து பேசுவதுபோல் சில சமயம் அவளுக்குத் தோன்றும். இத்தனை வருஷம் வாய் பேசாத மருமகளாக இருந்தவள் யார், இப்போது இடுப்பில் கை வைத்து நிற்பவள் யார் என்று பாத்திரம் தேய்க்கும்போது கேட்டுக்கொள்வாள். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதில் தேடுவதற்குள் நாளைக்கு என்ன சொல்லித் திட்டுவது என்ற யோசனை வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மாதம் கழித்து நதியா மிஸ் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்.

இந்த முறை மிஸ்ஸின் உதட்டில் சிரிப்பு இல்லை. பிள்ளை இப்போது பெயருக்கு நன்றாகத் திரும்புகிறது என்றார். ஆனால் உன் பெயர் என்ன என்று இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர்கள் கேட்டபோது, 'ஏண்டி கந்தம்மா' என்று சொல்லியிருக்கிறது. பக்கத்துப் பிள்ளை தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துவிட்டதற்கு, எழுந்து இடுப்பில் கை வைத்து, வாயில் வைத்துப் பார்க்காமல் ஏன் உப்பைக் கொட்டுகிறாய் என்று கேட்டிருக்கிறது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று மிஸ் சற்று நிறுத்தினார்.

"அட்டெண்டன்ஸ் எடுக்கிறப்போ எல்லாப் புள்ளைங்களும் 'பிரசன்ட் மிஸ்'னு சொல்லுதுங்க. இது மட்டும் எந்திரிச்சு நின்னு, 'நா செய்யல மிஸ்'னு சொல்லுதுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளை அவள் மடியில் தூங்கியது. சட்டையில் பேட்ஜ் கோணலாகத் தொங்கியது. ரோகிணி அதை நேராக்கினாள். வாய் வரை வந்த பெயரை, இந்த முறை கோபமில்லாமல், மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தூக்கத்திலேயே பிள்ளையின் தோள் சுருங்கியது.

அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அறுபது வயசுக்காரியைக் குறி வைத்து எறிந்த கல் ஒவ்வொன்றும் மூன்றரை வயசின் மேல் பட்டுத்தான் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே எறிந்தாள், சுகமாக இருந்ததால் எறிந்தாள். ஊத்து வளைவு தாண்டும்போது அழுதாள். அழுதுகொண்டே, இந்த அழுகைக்கும் அந்தக் கிழவிதான் காரணம் என்று புதிதாகக் கோபமும் பட்டாள். கோபம் அவ்வளவு சீக்கிரத்தில் விடுகிற பழக்கமா?

ஆனால் திட்டு நின்றது. யாரையும் கேட்காமல் புதுப் பேட்ஜ் ஒன்றில் ஆதிரை என்று எழுதிக் குத்தினாள். அடுத்த நாள் காலையில், சத்தமில்லாமல் தலை சீவினாள்.

மாமியார் வழக்கம்போல் காப்பியோடு வந்து படியில் உட்கார்ந்தார். காத்திருந்தார். காப்பியில் ஆடை படிந்தது. பிள்ளையும் ரோகிணியும் பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போனபின், காப்பியை அப்படியே செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாராம், இருளாயி சொன்னாள்.

இரண்டாம் நாள், உடம்பு கிடம்பு சரியில்லையா என்று மாமியார் ரோகிணியிடம் கேட்டார். மூன்றாம் நாள், குழம்பில் ஒரு கைக்குப் பதில் இரண்டு கை உப்பு விழுந்தது. ரோகிணி அதில் ஒரு செம்பு தண்ணீர் விட்டாள். நான்காம் நாள், அவள் பெட்டியிலிருந்த சேலைகளெல்லாம் கட்டிலில் பரந்து கிடந்தன. மடித்து வைத்தாள். ஐந்தாம் நாள் மாமியார் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முருகானந்தம் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், காட்டுக்குப் போனவன் பொழுது சாய்ந்துதான் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோகிணி அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள்.

முற்றத்தில், அன்று காலை அவளும் இருளாயியும் பிரித்து வைத்த மூன்று கூடைகள் இருந்தன. மாமியார் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கூடைகளுக்கு முன்னால் நிறுத்தினார். பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டியது. மாமியார் குனிந்து, தானே முதல் கூடையைக் கவிழ்த்தார். இரண்டாவதைப் பிள்ளையின் கையால் பிடித்துச் சாய்த்தார்.

"கொட்டு கண்ணு, நல்லாக் கொட்டு. இப்ப ஒங்கம்மா வருவா பாரு."

ரோகிணி எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். பூண்டுத் தோல் காற்றில் பறந்தது. இருளாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

மாமியார் ஓடிப்போகவில்லை. படியில் ஏறி, அவருடைய இடத்தில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றாள் ரோகிணி. "பச்சப்புள்ளையத் தப்புச் செய்ய வெச்சு, என்னயக் கெட்டவளாக்கி ஊருக்குக் காட்டணுமா? அதான நெனப்பு?"

"அதெல்லாம் இல்லத்தா," என்றார் மாமியார். "அந்தப் பேர மட்டும் நிறுத்திராத."

"அந்தப் பேரச் சொல்லி இனிமே எம் புள்ளையத் திட்ட மாட்டேன்."

"ஒரு நா விட்டு ஒரு நாளாவது."

இதற்கு மேல் ரோகிணியால் முடியவில்லை. ஐந்து வருஷத்தையும் ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிடத் தோன்றியது. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்திருந்தாள். வாயில் வந்தது வேறாக இருந்தது.

"நல்லாக் கேட்டுக்கங்க அத்தை. நான் ஒரு நாகூட எம் புள்ளையத் திட்டல. உப்பு கொட்டுனதுக்கு, பொட்டியத் தொறந்ததுக்கு, முந்திக்கிட்டுப் பேசுனதுக்கு, என்னயக் கேக்காம எம் புள்ளைக்குப் பேரு வெச்சதுக்கு, அம்புட்டுக்கும் ஒங்களத்தான் திட்டுனேன். ஒங்க மூஞ்சிக்கு நேரா, ஒங்க பேரச் சொல்லி, ஒரு மாசம் முழுக்க ஒங்களத்தான்."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

மாமியாரின் முகத்தில் கோபம் வரும், அழுகை வரும், ஏதாவது ஒன்று வரும் என்று ரோகிணி பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது திகைப்பு. சாமி கும்பிடப் போன இடத்தில் செருப்பைத் தொலைத்தவரைப்போல, அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"என்னயவா?" என்றார். நடிப்பில்லை, குரல் உள்ளே போயிருந்தது. "உப்பள்ளிக் கொட்டுறது, பொட்டியத் தொறக்குறது... அதெல்லாம் நானா? ஏ இருளாயி, என்னயவா திட்டுனா இவ?"

இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்க உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு ரோகிணியைப் பார்த்துச் சொன்னாள்:

"இவ ஆத்தாளப் பெத்த அம்மாச்சி பேர இவளுக்கு வெச்சு, அந்த அம்மாச்சி மகனுக்கே இவளக் கட்டிக் குடுத்தாக தாயி, இவ மாமியாளும் கந்தம்மாதான், இதே மாதிரி உப்பள்ளிக் கொட்டுன அந்தக் கெழவிய வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டாம முப்பது வருசம் குமுறிக் கெடந்தவ, நம்ம வீட்டுக்கு வந்த மருமக எனக்காக அந்தக் கெழவியப் பேர் சொல்லித் திட்டுறாளேன்னுதான் தெனமும் காப்பியத் தூக்கிக்கிட்டு மொத ஆளா வந்து ஒக்காந்தா."